யாளியின் வாயிலிருந்து ஒரு கத்தி

"மாமா, இதுல கத்தி எங்க முடியுது, பிடி எங்க ஆரம்பிக்குது?"

மாட்டுப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த அக்கா மகன், திருமுக்கூடல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி போனை என் பக்கம் திருப்பினான். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கட்டாரியின் படம். தென்னிந்தியா, அநேகமாகத் தஞ்சாவூர், 17-ஆம் நூற்றாண்டு என்று குறிப்பு. விளையாட்டாகக் கேட்டானோ என்னவோ, கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்தது. அந்தக் காலத்துக் கொல்லர் தன் சாமர்த்தியத்தை எல்லாம் கொட்டியது அந்த இணைப்பில்தான். இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கையோடு ஒரு கேள்வியை அவனிடமே திருப்பிப் போட்டேன். "பெருமாள் எதுக்குடா இங்க வர்றாரு?" பார்வேட்டை நாளில் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, அங்கிருந்து இறங்கிப் பாலாற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு வருவார். அக்கம்பக்கத்துப் பெருமாள்களும் வந்து சேர்வார்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் மணலில் ஜனத்துக்குக் குறைவிருக்காது. பெயர் வேட்டை. வருகிறவர் உடம்பெல்லாம் நகை, மாலை, பட்டு. வேட்டைக்குப் போகிறவர் இத்தனை அலங்காரத்தோடு போவாரா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஆயுதமும் அலங்காரமும் ஒன்றுக்கொன்று விரோதம் என்ற எண்ணமே நம் பக்கத்தில் கிடையாது.

சின்னக் குழந்தை கழுத்தில் ஐம்படைத் தாலி கட்டிய ஊர் இது. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் நகம் அளவுக்குப் பொன்னில் செய்து கோத்துக் குழந்தைக்குக் காவலாகப் போட்டார்கள். சிவன் கோயிலில் இன்றைக்கும் தீர்த்தவாரிக்குக் குளத்தில் முழுக்குப் போடுவது அஸ்திரதேவர். சூலமே அங்கே உற்சவ மூர்த்தி. பெருமாள் கோயிலில் அதே வேலை சக்கரத்தாழ்வாருக்கு. பேயாழ்வாரைத் திருமாலின் நந்தகம் என்ற வாளின் அம்சம் என்றே வைணவர்கள் சொல்வார்கள். வாளை ஓர் ஆளாகவே நினைத்தவர்கள், அதற்கு முகம், கண், பல் எல்லாம் செதுக்கியதில் ஆச்சரியமில்லை.

இனி அந்தக் கட்டாரிக்கு வருவோம். சாதாரணக் குத்துவாளை நாம் முஷ்டியில் பிடித்தால் அலகு கைக்குக் குறுக்கே நிற்கும். கட்டாரி அப்படியில்லை. ஏணியின் இரண்டு நெட்டுக் கால்களும் நடுவில் ஒரு படியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியைத்தான் விரல்கள் மூடிப் பிடிக்கும், நெட்டுக் கால்கள் மணிக்கட்டின் இரு பக்கமும் பின்னால் ஓடும். அலகு விரல் முட்டிகளுக்கு நேர் முன்னால் நிற்கும். வெட்டுவதற்கல்ல, குத்துச்சண்டைக்காரன் குத்துவதுபோலத் தோளின் பலம் முழுவதையும் போட்டுக் குத்துவதற்கு. வடநாட்டுக் கட்டாரிகளில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். விஜயநகரத்து, தஞ்சாவூர் நாயக்கர் காலத்துக் கட்டாரியில் இன்னொன்று சேர்ந்திருக்கும். அலகின் அடியிலிருந்து ஓர் உலோகத் தகடு படமெடுத்த பாம்பைப்போல மேலெழும்பி, பின்பக்கமாக வளைந்து புறங்கையை மூடிக்கொள்ளும். அதன் நுனி சுருண்டு ஓர் இலையாகவோ மொட்டாகவோ யாளித் தலையாகவோ முடியும்.

"அழகா இருக்கு மாமா, ஆனா சும்மா கனம்தானே?"

சும்மா ஒன்றும் இல்லை. அந்தத் தகடுதான் எதிராளியின் வாள் உன் புறங்கையில் இறங்காமல் தடுக்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் நடுவில் உருண்டை உருண்டையாகப் புடைத்திருக்கிறதே, கடைசல் பிடித்த கட்டில்கால் மாதிரி, அது வேர்த்த கை வழுக்காமல் இருக்க. தகட்டில் கொடியும் இலையுமாகத் துளை துளையாக வெட்டியிருக்கிறார்கள், அதனால் இரும்பின் பாரம் குறைகிறது. அலகின் மேல் நீளவாட்டில் ஓடும் மேடுபள்ளக் கோடுகளும் அப்படித்தான்: எடை குறையும், விறைப்பு குறையாது.

இப்போது அவன் கேட்ட இடம். அலகும் பிடியும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் யாளியோ மகரமோ வாயைப் பிளந்து நிற்கும், அலகு அந்த வாயிலிருந்து வெளியே வரும். கருவறைச் சுவரில் கோமுகி வாயிலிருந்து அபிஷேகத் தண்ணீர் வருகிறதே, வாசல் தோரணத்தில் மகரத்தின் வாயிலிருந்து கொடி கிளம்புகிறதே, அதே கற்பனை. எந்தக் கத்திக்கும் பலவீனமான இடம் அலகும் பிடியும் கூடும் கழுத்து. முழு வேகத்தில் குத்தும்போது முறிந்தால் அங்கேதான் முறியும். ஆகவே அங்கே இரும்பு தடிமனாக இருந்தாக வேண்டும், அலகை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கத் தகடுகள் வேண்டும், தகட்டை இறுக்க ஆணிகள் வேண்டும். இத்தனையையும் அப்படியே விட்டால் ஒட்டுப்போட்ட சாமானாகத் தெரியும். கொல்லர் அந்தத் தடித்த இரும்பை யாளி முகமாக்கினார். கவ்வும் தகடு தாடை ஆயிற்று. எனக்குத் தெரிந்து, ஒரு பொறியியல் தேவைக்கு இவ்வளவு பொருத்தமாக முகம் கொடுத்த வேலை வேறு எதுவும் இல்லை.

இந்த யாளியை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்தில் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குள் போங்கள். 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர வேலை. முன்கால் தூக்கிய குதிரைகள், மேலே வீரர்கள், கீழே காலாட்கள், வாளும் கேடயமுமாக. கூட்டம் முழுக்க மூலையில் தொங்கும் கல்சங்கிலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் வீரர்களின் கையைப் பாருங்கள். வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும், ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்திலும் இதே கூட்டம்தான். சேஷராயர் மண்டபத்தில் குதிரைமேல் இருப்பவன் புலியை ஈட்டியால் குத்த, கீழே நிற்பவன் குத்துவாளோடு புலியின் வயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பான். கல்தச்சர் வாளின் பிடியைச் செதுக்கினார், இரும்புக் கொல்லர் தூணின் யாளியைப் பிடியில் செதுக்கினார். இரண்டு பேரும் ஒரே கம்மாளர் சமூகத்தவர். கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், கல்தச்சர் என்று ஐந்து தொழில்களாகப் பிரிந்தவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இருந்தது போலவே உருவங்களும் கைமாறின. ஒரு நல்ல வாள் முடிய இவர்களில் மூன்று நான்கு பேராவது தொட வேண்டும்: அலகுக்குக் கொல்லர், உறையின் மரத்துக்குத் தச்சர், பித்தளைக் குமிழுக்குக் கன்னார், பொன் வெள்ளிக்குத் தட்டார்.

டீ வந்தது. பையன் அடுத்த படத்தைத் தள்ளினான். அலகின் மேல் ஏதோ எழுத்து, இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது, இது போலியா என்றான்.

போலியில்லை. தஞ்சாவூர்க் கட்டாரிகளில் ஏராளமானவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது. ஜெர்மனியின் சோலிங்கன், இத்தாலி, ஸ்பெயின் என்று பல ஊர்களின் நீள வாள்கள் கப்பலில் வந்தன. போர்த்துகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கடை விரித்திருந்தார்கள். 1620-இல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்தார். வந்த வாளை நம்மூர்க் கொல்லர் வேண்டிய நீளத்துக்கு வெட்டி, அடியில் ஆணி அடித்து, யாளி வாயில் செருகினார். அந்திரேயா ஃபெராரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயர் பொறித்த அலகுகள் இந்தியாவெங்கும் கிடைக்கின்றன. அந்தப் பெயருக்கு இருந்த மவுசைப் பார்த்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத பட்டறைகளும் அதைப் பொறித்தன. பிராண்டு பெயரைக் காப்பியடிப்பது இன்றைய பாரிமுனை நடைபாதைக் கடைக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. வடக்கே இப்படி வந்த அலகு போட்ட வாளுக்கே ஃபிரங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, அதே காலத்தில் நம் பக்கத்து எஃகு வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் செய்த எஃகுக் கட்டிகளை வாங்கப் பாரசீக வியாபாரிகள் கோல்கொண்டாவுக்கு வந்தார்கள். எஃகு இங்கிருந்து மேற்கே போனது, அடித்த வாள் மேற்கிலிருந்து இங்கே வந்தது. ஐரோப்பிய அலகு நீளமாக, ஒரே சீராக, வளைத்தால் திரும்பும் தன்மையோடு, கூட்டம் கூட்டமாகக் கிடைத்தது. நம் எஃகு உயர்ந்தது, ஆனால் செய்ய நேரமெடுக்கும். படைக்கு நூற்றுக்கணக்கில் வாங்கும் ராஜாவுக்கு எது தோது என்று யோசித்தால் விஷயம் புரியும். சுதேசி வாதம் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். கொல்லருக்குக் கசந்ததாகத் தெரியவில்லை. அலகு யாருடையதாக இருந்தாலும் பிடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த எஃகை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் அலகின் மேல் தெரியும் அழகு வெளியிலிருந்து போட்டதல்ல. களிமண்ணோடு உமியைக் குழைத்துக் கைப்பிடி அளவில் மூசை செய்வார்கள். அதற்குள் தேனிரும்புத் துண்டு, கூடவே ஆவாரங்கட்டைச் சீவல், மேலே மூடினாற்போல எருக்கிலை. 19-ஆம் நூற்றாண்டில் சேலம் பக்கத்தில் பார்த்து எழுதிய ஆங்கிலேயர்கள் ஆவாரையையும் எருக்கையும் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். வாயைக் களிமண்ணால் அடைத்து, ஏறத்தாழ இருபது மூசைகளை மரக்கரி உலையில் அடுக்கி, தோல்துருத்தியால் மணிக்கணக்கில் ஊதுவார்கள். உள்ளே காற்று புகாது. இலையும் கட்டையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் கலந்து, இரும்பின் உருகுநிலை இறங்கி, கடைசியில் கட்டியாக உறையும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி ஏறிய எஃகு. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் இப்படி உடைத்துப் போட்ட மூசைகளின் குவியல் கிடைத்து, சாரதா சீனிவாசன் அதை ஆராய்ந்திருக்கிறார். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இதைவிடப் பழைய உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. செய்யாற்றின் கரையிலிருந்து பார்த்தால் மேல்சிறுவளூர் ஒன்றும் வேறு தேசமில்லை.

இந்தக் கட்டியை அடித்து வாளாக்குவதில்தான் சூட்சுமம். மங்கலான சிவப்புச் சூட்டிலேயே அடிக்க வேண்டும். வெள்ளையாகப் பழுக்கவிட்டால் சம்மட்டி பட்டதும் உதிர்ந்துபோகும். தணிந்த சூட்டில் பல தடவை காய்ச்சிப் பல தடவை அடிக்க அடிக்க, கரி மிகுந்த கடினமான துகள்கள் வரிசை கட்டி அடுக்கடுக்காக நிற்கும். பிறகு தேய்த்து மெருகேற்றி, அமிலம் கலந்த கரைசலைத் தடவினால், கடினமான வரிசை வெளுப்பாகவும் மற்றது கறுப்பாகவும் பிரிந்து, ஆற்று மணலில் தண்ணீர் வடிந்துபோன தடம் மாதிரி நெளிநெளியாகத் தெரியும். ஐரோப்பியர்கள் இதைச் செய்துபார்க்கத் துடித்தார்கள். மின்சாரத்துக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில வருடங்கள் இந்த எஃகோடு மல்லுக்கட்டினார். இரும்பில் மிகக் கொஞ்சமாக இருக்கும் வனேடியம் போன்ற கலப்புத்தான் அந்த வரிசையை உண்டாக்க உதவுகிறது என்று அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் சேர்ந்து 1990-களில் காட்டினார்கள். அதாவது எந்த மலையின் கல் என்பதும் முக்கியம். கல் மாறினால் நெளிவு வராது.

"அப்ப நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்றான். ஊர்ப் பெருமை பேசாமல் இவனுக்கு டீ இறங்காது.

இருக்கிறது, ஆனால் போர்க்களத்துக்கு நேர் எதிர்த்திசையில். நம் கோயில் சுவரில் இருக்கும் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இங்கே நடந்த வீரசோழன் ஆதுலர் சாலையைப் பற்றி நீளமாகப் பேசுகிறது. படுக்கை 15. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். மருந்துக்கு மூலிகை கொண்டு வருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருபவர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சல்லியக்கிரியை பண்ணுவான் ஒருவனும் உண்டு: அறுவை செய்கிறவர். அவர் கையில் இருந்த கத்தியும் ஏதோ ஒரு கொல்லுப்பட்டறையில் இருந்துதான் வந்திருக்கும். சுசுருத சம்ஹிதை கூர்மையான கருவிகள் என்று 20 வகை சொல்லி, நல்ல எஃகு, நல்ல கூர், பிடிக்க வாகான பிடி வேண்டும் என்று கறாராகக் கேட்கிறது. யாளியைக் கேட்கவில்லை. ஒரே பட்டறைத் தொழில், வேலைக்குத் தகுந்தபடி அலங்காரம் ஏறும், இறங்கும்.

வடக்கத்தி ஆயுதங்களின் அலங்காரம் வேறு ரகம். மொகலாயர் பிடிகளில் பச்சைக்கல்லைக் குதிரைத் தலையாகக் கடைந்து மாணிக்கம் பதித்தார்கள். ஜெய்ப்பூரில் மீனாகாரி, அதாவது வண்ணக் கண்ணாடிப் பூச்சு. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் கோஃப்ட்கரி. இந்தக் கடைசி வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். இரும்பின் மேற்பரப்பை முதலில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிக் கீறுவார்கள், விரலால் தடவினால் அரம் மாதிரி பிடிக்கும் அளவுக்கு. அதன்மேல் தலைமுடி மொத்தத்தில் இழுத்த பொன் கம்பியைக் கோலம் போடுவதுபோல வளைத்து வைத்துக்கொண்டே சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். மெதுவான பொன் அந்தக் கீறல்களுக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும். பற்றவைப்பு, பசை எதுவும் கிடையாது. பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துவிட்டால் பொன் தவிர்த்த இடங்களின் கீறல் மறைந்து இரும்பு நிரவிவிடும். மலிவாகவும் செய்யலாம், அதனாலேயே தேய்ந்தும் போகும். உயர்ந்த வேலையில் கீறலுக்குப் பதில் உளியால் பள்ளம் எடுத்து, பள்ளத்தின் அடியை வாயைவிட அகலமாகக் குடைந்து, பொன்னை அடித்து இறக்குவார்கள். அது போகாது. உதய்ப்பூரில் சிக்லிகர் குடும்பங்கள் கோஃப்ட்கரியை இன்னும் கைவிடவில்லை.

நம் பக்கத்துப் பிடிகளில் பொன் குறைவு. உளியும் அரமும்தான் எல்லாம். இரும்பைக் கல்லைப்போலச் செதுக்கியிருக்கிறார்கள். என் கட்சி இது: பொன்னை ஒட்டுவது தட்டார் வேலையை இரும்பின் மேல் செய்வது, யாளியைச் செதுக்குவது இரும்பிலேயே சிற்பம். ஜெய்ப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் யாளிக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. இலங்கையில் கஸ்தானை என்ற குட்டையான வளைந்த வாளின் பிடி சிங்கத் தலையாக முடியும். கைக்காப்பின் முனைகளில் மகரமும் செரபெந்தியா என்ற கற்பனைப் பிராணியும் தலை நீட்டும். இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பது இந்த வாளைத்தான். பார்த்துப் பழகிய கொடியில் இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? கண்டி அரண்மனைப் பட்டறைகள் செய்த பொன் கஸ்தானை ஒன்றும் வெள்ளிக் கஸ்தானை ஒன்றும் 1765-இல் டச்சுக்காரர்கள் கண்டியைக் கொள்ளையிட்டபோது ஆம்ஸ்டர்டாம் பக்கம் போயின. 2023 டிசம்பரில், இவற்றையும் பேர்போன லெவ்கே பீரங்கியையும் சேர்த்து ஆறு பொருள்களை நெதர்லாந்து திருப்பிக் கொடுத்தது.

தஞ்சாவூர் ஆயுதசாலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடைசி மராட்டிய ராஜா சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனையில் நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்த வாள், கட்டாரி, ஈட்டி, அங்குசம் எல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகக் கிடந்தன. நல்லதாகப் பொறுக்கியதைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, பெரும் பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878-இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் இந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதிவைத்ததால் நமக்கு இந்தச் சேதியாவது தெரிகிறது. இந்த ஆயுதங்களை வைத்தே ராபர்ட் எல்குட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2004-இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். தமிழில் அப்படி ஒன்று வராதது நமக்குத்தான் குறை. விலையைப் பற்றி ஒரு கணக்கு வேண்டுமானால், திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. காயலான் கடை எடைபோட்டு உடைத்ததில் என்னென்ன இருந்திருக்குமோ.

பையனின் தாத்தா வழி வீட்டில், தென்னாற்காட்டுப் பக்கம், பரணில் ஒரு பழைய வாள் கிடக்கிறதாம். ஆயுத பூஜைக்கு எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைப்பார்களாம். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. நெளிவு ஓடும் அலகாக இருந்தால் அந்த நெளிவு மேல்தோலில்தான் தெரியும். உப்புத்தாள் அதைச் சுரண்டிவிடும். பொன்கம்பி வேலை இருந்தால் அதுவும் போச்சு. துருவுக்குக் கொஞ்சம் மெல்லிய எண்ணெய், காய்ந்த துணி, வெறும் விரலால் தொடாமல் இருப்பது, இவ்வளவு போதும். வேர்வையின் உப்புத்தான் அலகுக்கு முதல் எதிரி. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைப்பதும் நல்லதல்ல, பதனிட்ட தோல் ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுக்கும். சந்தனத்தைப் பிடியின் குமிழில் ஒரு பொட்டாக வைத்தால் சாமி கோவித்துக்கொள்ளாது.

சட்டமும் உண்டு. 100 வருஷத்துக்கு மேற்பட்ட வேலைப்பாடுள்ள பொருள் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். வீட்டில் வைத்துக்கொள்வதில் தடையில்லை, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்கடியில் கிடைத்தால் கதை வேறு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பத்து ரூபாய் அன்றைக்குப் பெரிய பணம். இன்றைக்கு எதிரே ஆறிக்கொண்டிருக்கும் இந்த டீக்கே காணாது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னேன். 1851-இல் தொடங்கியது. தஞ்சாவூரிலிருந்து வந்தவை அங்கேதான் இருக்கின்றன, ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்பு வாள்களும் அதே வளாகத்தில். உலோகப் பொருள்களைத் துருவிலிருந்து மீட்க 1930-லேயே அங்கு ஒரு ரசாயனக் கூடம் ஏற்படுத்தினார்கள். கட்டாரி வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றதும் முனையைப் பார்க்காதே, யாளியின் தாடைக்குக் கீழே பார் என்றேன். ஆணித் தலைகள் மூன்று நான்கு வரிசையாகத் தெரிந்தால், கவ்விய அலகு வேறு எங்கிருந்தோ வந்தது என்று சந்தேகப்படலாம். அலகின் பள்ளக் கோடுகள் தாடைக்கு அடியில் சட்டென்று வெட்டுப்பட்டு நின்றால் சந்தேகம் இன்னும் பலமாகும், நீள வாளைக் குறுக்கியிருக்கிறார்கள். கோடுகள் தாடையின் வளைவை அனுசரித்துத் திரும்பினால், அலகும் பிடியும் ஒரே பட்டறையில் சேர்ந்து பிறந்தவையாக இருக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் இது பிடிபடும், நேரே நின்றால் விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கும்.

"நாளைக்கே போறேன் மாமா" என்றான். நாளை வெள்ளிக்கிழமை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை போகச் சொல்லி, டீக்குக் காசைக் கொடுத்தேன்.